காற்றில் கொழித்த தங்கம்

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது நம் முன்னோர் வாக்கு. களத்து மேட்டில் நெல் தூற்றுவோருக்காகச் சொல்லப்பட்ட இப்பழமொழி, கடல் கடந்த ஒரு வறண்ட நாட்டில் தங்கம் தேடியவர்களுக்கும் அப்படியே பொருந்தியது என்றால் நம்புவீர்களா? நாங்களும் முதலில் நம்பவில்லை.

இவ்வாண்டு எங்கள் பள்ளியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சியில் 'காற்றின் ஆற்றல்' என்னும் தலைப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. காற்றாலை, பலூன் ராக்கெட் என்று எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அப்போது எங்கள் புவியியல் ஆசிரியை, மேற்கு ஆஸ்திரேலியாவில் தண்ணீரே இல்லாமல் காற்றைக்கொண்டு மண்ணிலிருந்து பொன்னைப் பிரித்த கதையைக் கூறினார். அவ்வளவுதான்! எங்கள் ஐவருக்கும் அதன்பின் வேறு நினைவே இல்லை. மண்ணை இழுக்கும் கருவி ஒன்று, மண்ணை ஊதிப் பிரிக்கும் கருவி ஒன்று என இரண்டையும் நாங்களே செய்து பார்த்தோம். அதில் கற்றவற்றை இங்கே எழுதுகிறோம்.

தாகம் மிகுந்த தங்க வயல்

ஆற்றோரத்தில் தங்கம் தேடுவோர் ஓர் அகன்ற தட்டில் மணலையும் தண்ணீரையும் சேர்த்துச் சுழற்றுவர். லேசான மணல் நீரோடு வழிந்து போகும்; கனமான தங்கம் தட்டின் அடியில் தங்கும். ஆனால் ஆறே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

1892ஆம் ஆண்டு ஆர்தர் பெய்லி, வில்லியம் ஃபோர்டு என்னும் இருவர் மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள கூல்கார்டியில் தங்கம் கண்டனர். அடுத்த ஆண்டே பேடி ஹானனும் அவருடைய தோழர் இருவரும் கல்கூர்லியில் தங்கம் கண்டனர். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் செம்மண் வெளியை நோக்கி விரைந்தனர். அங்கே பொன் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. உப்பு நீரைக் காய்ச்சி வடித்து, குடிநீரை விலைக்கு விற்றார்கள். குடிக்கவே நீர் இல்லாதபோது மண்ணைக் கழுவ நீருக்கு எங்கே போவது?

ஆகவே அவர்கள் காற்றைத் துணைக்கு அழைத்தார்கள். காய்ந்த மண்ணை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு உயரத்திலிருந்து கொட்டினார்கள். வீசும் காற்று தூசியை அடித்துச் சென்றது. கனமான துகள்கள் கீழேயிருந்த தட்டில் விழுந்தன. கடைசியாக எஞ்சிய சிறிதளவு மண்ணை வாயால் ஊதிப் பொன்னைப் பொறுக்கினார்கள். பின்னர் சல்லடையும் துருத்தியும் பொருத்திய கருவிகள் வந்தன. சி. ஒய். ஓ'கானர் என்னும் பொறியியல் வல்லுநர் வகுத்த திட்டப்படி, 500 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாய் வழியாகத் தண்ணீர் கல்கூர்லியை வந்தடைந்தது 1903ஆம் ஆண்டில்தான்.

இன்றும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும், அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா போன்ற வறண்ட மாநிலங்களிலும் விடுமுறை நாட்களில் பொன் தேடிச் செல்வோர் பலர் உண்டு. நினைத்த இடத்தில் தோண்டிவிட முடியாது. அதற்குப் பல இடங்களில் உரிமமோ அனுமதியோ வேண்டும். அவர்களில் சிலர் வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவிகளைத்தான் நாங்கள் மாதிரியாக எடுத்துக்கொண்டோம்.

முறம் கற்பிக்கும் பாடம்

நம் பாட்டிமார் முறத்தைக் கையில் எடுத்தால் புடைப்பார்கள், கொழிப்பார்கள், தெள்ளுவார்கள், நாவுவார்கள். ஒரு முறத்துக்கு இத்தனை வினைச்சொற்கள்! இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: லேசானதும் கனமானதும் ஒன்றுபோல அசைவதில்லை.

ஒரு கனசென்டிமீட்டர் தங்கத்தின் எடை 19.3 கிராம். மணலில் பெரும்பகுதியாக உள்ள குவார்ட்ஸ் அதே அளவில் 2.65 கிராம்தான். அதாவது ஒரே பருமனுள்ள தங்க மணி, மணல் மணியைவிட 7 மடங்குக்கு மேல் கனமானது. மணலைத் தூக்கும் காற்று, அதே அளவுள்ள தங்கத்தைத் தூக்க முடியாமல் விட்டுவிடுகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரிய கல்லும் சிறிய பொன் மணியும் காற்றில் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். தோராயமாகக் கணக்கிட்டால், பொன் மணியைப்போல 7 மடங்கு குறுக்களவுள்ள கல்லும் அதே வேகத்தில் விழும். ஆகையால் முதலில் சலிக்க வேண்டும்; பிறகுதான் ஊத வேண்டும். நீரில் இந்த மடங்கு சுமார் 11 ஆகிறது. ஏனெனில் நீரின் மிதப்பு விசை மணலின் எடையில் பெரும் பங்கைக் குறைத்துவிடுகிறது. தங்கத்தின் எடையிலோ மிகச் சிறு பங்கையே குறைக்கிறது. எனவே காற்றைவிட நீரே நன்றாகப் பிரிக்கும் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நீர் இல்லாத இடத்தில்தான் காற்றுக்கு வேலை.

இழுப்பது யார்?

இளநீரை உறிஞ்சுகுழலால் குடிக்கும்போது நாம் இளநீரை இழுக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் குழலில் உள்ள காற்றை மட்டுமே நாம் குறைக்கிறோம். வெளியே உள்ள வளிமண்டலம்தான் இளநீரைத் தள்ளி மேலே ஏற்றுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது சுமார் ஒரு கிலோகிராம் எடை அளவுக்குக் காற்று அழுத்துகிறது. இத்தாலி நாட்டு டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டில் பாதரசக் குழாயைக்கொண்டு இந்த அழுத்தத்தை அளந்து காட்டினார்.

தூசியை உறிஞ்சும் கருவி பிறந்த கதையும் சுவையானது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளும் கருவி ஒன்றைக் கண்டார். ஊதினால் தூசி இடம் மாறுமே தவிர ஒழியாது என்று அவருக்குத் தோன்றியது. நாற்காலியின் மெத்தைமீது கைக்குட்டையை விரித்து, வாயால் உறிஞ்சிப் பார்த்தார். துணியில் தூசி படிந்திருந்தது! 1901இல் தமது கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

ஊதுவதும் உறிஞ்சுவதும் ஒரே விசிறியின் இரு பக்கங்களே. கணினி பழுதுபார்க்கும் கடைகளில் தூசி ஊதும் புளோயரைப் பார்த்திருப்பீர்கள். அதன் விசிறி நடுவிலுள்ள துளை வழியாகக் காற்றை உள்ளே வாங்கி, ஓரத்திலுள்ள வாய் வழியாக வெளியே தள்ளுகிறது. எங்கள் தோழி ஒருத்தியின் தந்தையிடமிருந்து அத்தகைய புளோயர் ஒன்றை இரவல் பெற்றோம். உறிஞ்சும் கருவிக்கும் ஊதும் கருவிக்கும் அந்த ஒன்றே போதுமானதாயிற்று.

உறிஞ்சும் வாளி

காய்ந்த ஓடைகளின் அடிப்பாறையில் உள்ள வெடிப்புகளில் பொன் துகள்கள் சிக்கிக் கிடக்கும். துடைப்பத்தால் பெருக்கினால் அவை இன்னும் ஆழத்தில் இறங்கிவிடும். அதனால்தான் உறிஞ்ச வேண்டியிருக்கிறது.

பெயிண்ட் வந்த 20 லிட்டர் வாளி ஒன்றை மூடியுடன் எடுத்தோம். மூடியின் ஓரத்தில் ஒரு துளையும் நடுவில் ஒரு துளையும் இட்டோம். ஓரத்துத் துளையில் மண்ணை உறிஞ்சும் குழாயைச் செருகி, வாளிக்குள் அதன் வாயை வளைத்துப் பக்கச் சுவரை நோக்கித் திருப்பினோம். நடுத்துளையிலிருந்து வேறொரு குழாயைப் புளோயரின் காற்று வாங்கும் பக்கத்தோடு இணைத்தோம். இணைப்புகளில் காற்றுக் கசியாதபடி சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினோம்.

மண் நேரே புளோயருக்குள் போய்விடாதா? போகாது. காரணம் இதுதான். எங்கள் குழாயின் விட்டம் 5 சென்டிமீட்டர்; வாளியின் விட்டம் 30 சென்டிமீட்டர். விட்டம் 6 மடங்கானால் பரப்பு 36 மடங்காகும். ஆகவே குழாயில் விரைந்து வரும் காற்று, வாளிக்குள் நுழைந்ததும் ஏறத்தாழ 36இல் ஒரு பங்கு வேகத்துக்குத் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த காற்றுக்கு மணலைச் சுமக்க வலிமை இல்லை. மணல் சுவரோரமாகச் சுழன்று அடியில் விழுகிறது. காற்று மட்டும் நடுத்துளை வழியாக வெளியேறுகிறது. மெல்லிய வாளியாக இருந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் அதை நசுக்கிவிடும். எங்கள் முதல் வாளி அப்படித்தான் ஒடுங்கியது!

ஊதும் தட்டு

பிடித்த மண்ணைச் சலித்து, அடுத்து ஊதும் தட்டில் இட வேண்டும். இது சாய்வாக வைத்த ஒரு மரத்தட்டு. அடிப்பாகம் பலகையன்று, காற்று ஊடுருவும் கெட்டியான பருத்தித் துணி. துணியின்மேல் குறுக்கே சிறு மரச்சட்டங்கள் வரிசையாக உள்ளன. தட்டின் கீழே ஒரு பெட்டி. அதற்குள் புளோயரின் காற்று வருகிறது.

மேலேயிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக விட்டால், துணி வழியாக எழும் காற்று அதைத் தூக்கிக் குதிக்க வைக்கிறது. லேசான மணல் சட்டங்களைத் தாண்டி வழிந்து போகிறது. கனமான துகள்களோ சட்டங்களின் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன. காற்று தொடர்ந்து வீசுவதைவிட விட்டுவிட்டு வீசுவது நல்லது. காற்று நிற்கும் ஒவ்வொரு நொடியிலும் கனமானது முந்தி விழும். பழைய துருத்திகள் இதைத் தாமாகவே செய்தன. நாங்கள் ஓர் அட்டையால் காற்று வழியை மூடி மூடித் திறந்தோம்.

பொன்னுக்கு நாங்கள் எங்கே போவோம்? பட்டறையிலிருந்து பித்தளைச் சிம்புகளை வாங்கி, பொடியாக வெட்டி, 50 துண்டுகளை எண்ணி ஒரு படி மணலில் கலந்தோம். பித்தளையின் அடர்த்தி சுமார் 8.5; மணலைவிட 3 மடங்குக்குச் சற்று அதிகம். பித்தளையையே பிரிக்க முடிந்தால் பொன்னைப் பிரிப்பது இன்னும் எளிதல்லவா?

முதல் நாள் மழை. மணல் ஈரமாக இருந்ததால் கட்டி கட்டியாக நகர்ந்தது, ஒன்றும் பிரியவில்லை. மொட்டை மாடியில் இரண்டு நாள் உலர்த்திய பிறகு 31 துண்டுகள் கிடைத்தன. சலித்து, சாய்வைக் குறைத்த பிறகு 46 கிடைத்தன! காணாமற்போன நான்கும் தட்டையான மெல்லிய துண்டுகள் என்பது எங்கள் ஊகம். அடித்த தகடுபோல் மெலிந்த பொன் துகளும் இப்படியே காற்றோடு பறந்துவிடுமாம்.

தாத்தாவின் கேள்வி

அன்று சனிக்கிழமை. எங்கள் தோழியை அழைத்துப் போக அவளுடைய தாத்தா வந்திருந்தார். மாடிப்படியில் மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கி ஏறி வந்தார். முதுமைதான் காரணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நாங்கள் பெருமையோடு கருவியை ஓட்டிக் காட்டினோம். அவர் பித்தளையைப் பார்க்கவில்லை. எழுந்து பரவிய தூசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாப்பா. காத்து வெளியே வருதே, அந்தப் பக்கம் யாரும்மா நிப்பாங்க?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவருடைய பேத்தியே!

அவர் இருபது ஆண்டுகள் கல் உடைக்கும் இடத்தில் வேலை செய்தவர் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. குவார்ட்ஸ் என்பது சிலிகா. அதன் மிக நுண்ணிய துகள்கள் கண்ணுக்கே தெரியாதவை; ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியவை. அவை நுரையீரலின் ஆழத்தில் போய்த் தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகின்றன. இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்தில்லை. வராமல் காப்பது ஒன்றே வழி. கல்கூர்லி, கூல்கார்டியில் துருத்தியை ஆட்டியவர்களும் நாள் முழுவதும் இத்தகைய தூசியில்தான் நின்றார்கள். எங்கள் வாளி மணலைப் பிடித்துக்கொண்டது. ஆனால் மிகத் தீங்கான நுண்தூசியை வெளியே விட்டுவிட்டது. தூசி ஒழியவில்லை, இடம்தான் மாறியது!

அன்றே கருவியை நிறுத்தினோம். மணலைப் பல முறை நீரில் அலசி, நுண்தூசியைக் கலங்கல் நீரோடு கொட்டி, மீண்டும் உலர்த்தினோம். மேசையை வகுப்பறையிலிருந்து திறந்தவெளி மைதானத்துக்கு மாற்றினோம். காற்று நம் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்றோம். பார்வையாளர்களையும் அதே பக்கத்தில் நிறுத்தினோம். சாதாரணக் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது என்பதால் அதற்கென்றே உள்ள முகக்கவசத்தை ஐவரும் அணிந்துகொண்டோம். "இவ்வளவு எதற்கு?" என்று கேட்டவர்களுக்கு, அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியின் அனுமதியுடன், தாத்தாவின் கேள்வியையே பெரிய எழுத்தில் எழுதித் தட்டின் அருகில் வைத்தோம்.

கண்காட்சிக்கு வந்த பெற்றோர் பலர், "இதில் எத்தனை சவரன் கிடைக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டனர். ஒரு குன்றிமணி எடைகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அன்று மாலை தாத்தா வந்து, அந்த எழுத்துகளைப் படித்துவிட்டு, காற்று வரும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, கடைசிவரை எங்கள் கருவியைப் பார்த்தார்.

அன்புத் தோழியரே! எந்தக் கருவியைச் செய்தாலும் அது எதைத் தருகிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அது எதை வெளியே விடுகிறது, அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். பொன்னைத் தேடுவோர் தேடட்டும். மூச்சை இழந்து தேடத்தக்க பொன் உலகில் எங்கும் இல்லை.