நூறு நொடியில் ஒரு கப்பல்

"ஏன் மாமா, தரையில இருந்தா பதுங்கு குழிக்கு ஓடலாம். நடுக்கடல்ல ஏவுகணை வந்தா கப்பல் எங்க ஓடும்?" உத்திரமேரூர் பேருந்து நிலைய டீக்கடையில் கேட்டவன் கடற்படைத் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் தெருப் பையன்.

"ஓட முடியாது மாப்ளே. முன்கூட்டியே பார்க்கணும், அவ்வளவுதான்" என்று தொடங்கினேன்.

பார்ப்பதுதான் பெரிய சிக்கல். ராடார் அலை ஏறக்குறைய நேராகப் போகும். கடலோ பூமியோடு வளைந்து கிடக்கிறது. நம் ஏரிக்கரை மேல் ஏறினால் தெரிகிற ஊர், கீழே வரப்பில் நின்றால் தெரிவதில்லை அல்லவா? கப்பலின் ராடார் 25 மீட்டர் உயரத்தில் இருக்க, ஏவுகணை அலையை உரசுவதுபோல் 5 மீட்டர் உயரத்தில் வந்தால், சுமார் 30 கிலோமீட்டருக்குள் வந்த பிறகே அது கண்ணில் படும். ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் வருவதற்கு அந்தத் தூரம் 100 நொடி. பிரம்மோஸ் போல ஒலியை மிஞ்சி வந்தால் அரை நிமிடம்தான்.

கண்ணில் பட்டாலும் அது என்னவென்று புரிய வேண்டும். 1971 டிசம்பர் 4 இரவு கராச்சிக்கு வெளியே நம் ஏவுகணைப் படகுகள் தாக்கியபோது, பாகிஸ்தானின் கைபர் கப்பலில் இருந்தவர்கள் விமானம் தாக்குகிறது என்றே நினைத்தார்கள். கப்பல் மூழ்கியது.

இன்று நம் ஐ.என்.எஸ். சென்னை போன்ற கப்பலில் பல அடுக்குக் காப்பு உண்டு. இஸ்ரேலுடன் சேர்ந்து உருவாக்கிய பராக்-8 சுமார் 70 கிலோமீட்டர் வரை போய் எதிரி ஏவுகணையை வானிலேயே அடிக்கும். அதையும் தாண்டி வந்தால், ஆறு குழல் ஏ.கே.-630 பீரங்கி குண்டுமழை பொழியும். அந்தக் கட்டத்தில் கையில் இருப்பது சில நொடிகளே.

இவற்றைவிட என் மனம் நிற்பது 'சாஃப்' என்ற ஏமாற்று வித்தையில். வரும் ஏவுகணையின் மூக்கிலும் சின்ன ராடார் இருக்கும். அது கடைசி நேரத்தில் கப்பலைத் தேடும். உலோகம் பூசிய மெல்லிய இழைகளை ராக்கெட்டில் ஏற்றி வானில் விரித்தால், அந்த இழைமேகம் பொய்க் கப்பலாகத் தெரியும். காற்றின் திசையும் கப்பல் திரும்பும் கணமும் பொருந்த வேண்டும், பிசகினால் வீண். 1982 மே 4 அன்று பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பல் எக்ஸோசெட் ஏவுகணையிடம் சிக்கியபோது சாஃப் வீசப்படவே இல்லை. 20 பேர் இறந்தார்கள்.

ஜோத்பூரிலுள்ள நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. சில மைக்ரான் தடிமனுள்ள இழைகளால் ராடாரின் நுண்ணலைகளையே மறைக்கும் திரையை விரிக்கும் ராக்கெட்டை 2024 ஜூன் 26 அன்று கடற்படையிடம் ஒப்படைத்தது.

"ஒரு கப்பல் தனியா என்ன பண்ணும்?" என்றான். தனியாக இருக்க வேண்டாம் என்பதுதான் விடை. 2019 மே மாதம் மேற்குக் கடலில் கொச்சி, சென்னை ஆகிய இரு கப்பல்களின் ஏவுகணைகளையும் ஒரே கப்பல் இயக்கி, வெவ்வேறு இலக்குகளை அடித்துக் காட்டியது. ஒரு கப்பல் பார்த்ததை இன்னொன்றும் பயன்படுத்தினால், அந்த 100 நொடி நீளும்.

கடற்படைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் பீரங்கியை மட்டும் பார்த்து வியக்காமல் ராடாரையும் இயற்பியலையும் ஊன்றிப் படியுங்கள். கப்பலைக் காப்பாற்றும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.