உங்களுக்குத் தெரியுமா? பழைய லேப்டாப்பும் விண்டோஸ் 11-உம்

● பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பழைய லேப்டாப்பைத் திறந்து, ரேமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தித் தருவார்கள். வேகம் கூடும்; விண்டோஸ் 11-க்கு அது மட்டும் போதாது.

● டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் பிராசஸர் என்றால், பெரும்பாலும் 2017-இல் வரத் தொடங்கிய 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும்.

● விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதன்பிறகும் கணினி ஓடும். நீட்டிக்கப்பட்ட ஆதரவில் சேராவிட்டால், புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள்தான் அடைபடாது.

● விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புக்கு மாற்று வழி லினக்ஸ் இயங்குதளம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இலவசம், தமிழிலும் இயங்கும்.

எதற்கு மாறினாலும், முதலில் கோப்புகளை பேக்கப் எடுத்துவிடுங்கள்.