ஏரி மீன் ஏன் வளரவில்லை?

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பார்கள். இப்பழமொழி ஏரி மீன்களுக்கும் பொருந்தும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

தீவனம் குறைந்தால் கன்று மெலியும். ஆயினும் ஓரளவு வளர்ந்தே தீரும். மீன் அப்படியன்று. இரை போதாவிட்டால் அதன் வளர்ச்சியே ஏறக்குறைய நின்றுவிடும். வயது ஏறும், உடல் ஏறாது. ஓர் ஏரியில் உண்டாகும் இரைக்கு எல்லை உண்டு. அதை நூறு மீன்கள் பங்கிட்டால் பெரிய மீன்கள் கிடைக்கும். ஆயிரம் மீன்கள் பங்கிட்டால் பொடிமீன்களே மிஞ்சும்.

இதற்குத் தக்க சான்று, நாம் ஜிலேபிக் கெண்டை என்றழைக்கும் திலேப்பியா. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காக்கிறது. பொரித்த குஞ்சுகளும் ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் புகுந்துகொள்கின்றன. எனவே பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. அக்குஞ்சுகளும் சுமார் மூன்று மாதங்களிலேயே முட்டையிடத் தொடங்குகின்றன. விளைவு? ஏரி நிறைய மீன். எல்லாம் உள்ளங்கை அளவே! கூடை கூடையாகப் பிடித்தாலும் பொடிமீனுக்கு விலையில்லை. மீனவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

இதற்கு வழி என்ன? கீரைப் பாத்தியில் நெருக்கமாக முளைத்தவற்றைக் களைகிறோம் அல்லவா? அவ்வாறே சிறு திலேப்பியாக்களை அடிக்கடி பிடித்து எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். குஞ்சுகளைத் தின்னும் விரால் மீனும் இவ்வேலையில் உதவும்.

அடுத்து, ஏரியில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றைச் சேர்த்து விடலாம். கட்லா நீரின் மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடுவதால் போட்டி குறைவு. இவை ஆற்று மீன்கள். தேங்கிய நீரில் பொதுவாக இனம் பெருக்குவதில்லை. ஆகவே எத்தனை குஞ்சுகள் விடுவது என்பது நம் கையில் இருக்கிறது. 1957-இல் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் ஒரிசாவில், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இவ்வகை மீன்களை முட்டையிடச் செய்தார். அதன் பயனாகவே இன்று குஞ்சுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைச் சுமார் 10 சென்டிமீட்டர் வளர்ந்தபின் விட்டால் விராலுக்கு எளிதில் இரையாகா.

ஒரே விதி எல்லா மீனுக்கும் பொருந்தாது என்பதை நாம் மறக்கலாகாது. திலேப்பியாக் குஞ்சைப் பிடிப்பது நன்மை. கட்லாக் குஞ்சைப் பிடிப்பதோ நட்டம். அது வலையில் சிக்கினால் உயிரோடு நீரில் விட்டுவிட வேண்டும்.

ஏரியில் எத்தனை மீன் உண்டு என்று மகிழ்வதைவிட, அது எத்தனை மீனுக்கு இரை தரும் என்று சிந்திப்பதே அறிவுடைமையாகும்.