தீபாவளிக்கு என்ன கொடுப்பது?

சென்ற தீபாவளிக்கு, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைப் பிள்ளைகளுக்கென்று மாத்தளையில் எங்கள் சங்கத்து அக்காமார் முறுக்குச் சுடத் தொடங்கினார்கள். நான்தான் மறித்தேன். புற்றுநோய்க்கு மருந்தேற்றும் பிள்ளைக்கு நோயெதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். வெளிப் பலகாரமும் பாவித்த பஞ்சுப் பொம்மையும் கிருமியைக் கொண்டுபோகலாம். எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது.

"அப்ப தாய்மாருக்குக் குடுப்பம்" என்றார் ஓர் அக்கா. 2009இல் காயப்பட்ட மகனோடு ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடந்தவர்.

அரச வைத்தியம் இலவசம்தான். ஆனால் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேலும் நீளும். தோட்டத்துத் தாய் பிள்ளையோடு நின்றால் அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் காசு வேறு. முறுக்குக் காசில் சவர்க்காரம், துவாய் வாங்கி, மிச்சத்தைப் பஸ் காசாக உறையிலிட்டோம்.

காசில்லாத சகோதரிகளே, இரத்தம் கொடுக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி தேவை. 18 வயதும் 50 கிலோவும் வேண்டும். அந்த அக்கா 47 கிலோ. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.