டேங்க் முதல் என்ஜின் வரை

1957-ல் பிரிட்டனில் லோட்டஸ் செவன் என்ற சின்னஞ்சிறு கார் விற்பனைக்கு வந்தது. காலின் சாப்மன் வடிவமைத்த அந்தக் காரை முழுதாக வாங்கினால் அரசுக்குக் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துப் பூட்டினார்களாம். இந்தக் கதை இன்றும் அங்கே சொல்லப்படுகிறது.

1973-ல் பிரிட்டனில் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. சலுகை போனாலும் ஆசை போகவில்லை. வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுபவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். கட்டி முடித்த காரை ஐ.வி.ஏ. என்ற அரசுப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். 2009 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சோதனையில் தேறாத கார் சாலைக்கு வர முடியாது.

அப்படிக் கார் கட்டுகிறவர் என்ஜினுக்காக மாதக்கணக்கில் அலைவார், சக்கரத்துக்காகப் பணம் சேர்ப்பார். பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து முன்னால் இருக்கும் என்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாய்க்கு மட்டும் கடைசி நேரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டிவிடுவார். ஆபத்து அங்கேதான். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் ஆவியை வெளிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து கலையாமல் தரையோடு தங்கும். ஒரு கை தூரத்தில் பழுக்கக் காய்ந்த புகைக்குழாய் இருக்கிறது.

குழாய் போடுவதில் அனுபவசாலிகளின் முதல் விதி இது: நீண்ட தூரத்துக்கு உலோகம், அசைவு உள்ள இடத்தில் மட்டும் ரப்பர். என்ஜின் ஓடும்போது குலுங்கும், உடல்சட்டம் குலுங்காது. இரண்டையும் இணைக்கிற கொஞ்ச தூரத்துக்குத்தான் வளையும் ஹோஸ் வேண்டும். காரின் அடிவயிறு முழுக்க ரப்பர் ஹோஸை ஓடவிடுவது சோம்பேறித்தனம்.

உலோகம் என்றதும் எல்லோருக்கும் செம்புதான் நினைவுக்கு வருகிறது. கையால் வளைக்கலாம், எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதிர அதிரச் செம்பு இறுகிப்போய், ஒரு நாள் விரிசல் விடும். போதாததற்கு, நின்றுகொண்டிருக்கும் பெட்ரோல் கெட்டுப் பிசினாக மாறுவதையும் செம்பு வேகப்படுத்துகிறது. வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் கார்களில் இது பெரிய தொல்லை. சாதா எஃகு பலமானது, ஆனால் பிரிட்டனின் குளிர்காலச் சாலைகளில் கொட்டும் உப்பு அதை அரித்துவிடும். அலுமினியம் லேசு என்று பந்தயக்காரர்களுக்குப் பிடிக்கும். திரும்பத் திரும்ப வளைந்தால் முறியும்.

பலரும் கடைசியில் வந்து சேரும் இடம் குப்ரோநிக்கல். செம்போடு சுமார் பத்தில் ஒரு பங்கு நிக்கல் கலந்த உலோகம். கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்கும் இதே இனம்தான், ஏனென்றால் உப்பு இதை எளிதில் தின்பதில்லை. செம்பைவிட உறுதி, எவர்சில்வரைவிட வளைக்கச் சுலபம். எவர்சில்வர் குழாய் ஆயுளுக்கும் உழைக்கும் என்றாலும், வளைக்கும் கருவியும் பொறுமையும் இல்லாதவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது. இன்றைய கம்பெனிக் கார்களில் நைலான் குழாய் நிறைய வருகிறது. ஆனால் அதன் இணைப்புகளைச் சரியாகப் பொருத்தத் தனிக் கருவி வேண்டும். சூடான இடத்துக்கு அது ஆகவும் ஆகாது.

வளையும் பகுதிக்கு வந்தால் விஷயம் இன்னும் நுணுக்கமாகிறது. கடையில் தொங்கும் கறுப்பு ஹோஸ்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ரேடியேட்டர் தண்ணீருக்கான ஹோஸில் பெட்ரோல் ஓடினால் அது ஊறி உப்பிக் குழைந்துபோகும். பளபளவென்று தடியாக இருக்கும் சிலிக்கோன் ஹோஸும் பெட்ரோலுக்கு ஆகாது. பல காலமாகப் பெட்ரோலுக்குப் பயன்பட்டு வந்தது நைட்ரைல் ரப்பர். எத்தனால் வந்த பிறகு அதன் பழைய வகைகளையும் நம்ப முடியவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் அவை நாளடைவில் இறுகி வெடிக்கின்றன. எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் உலோகப் பாகங்களும் அரிக்கின்றன. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 சாதாரணப் பெட்ரோலாக வந்தபோது, பழைய கார் வைத்திருந்தவர்கள் முதலில் கவலைப்பட்டது ஹோஸ்களைப் பற்றித்தான்.

இதற்கு விடை ஃப்ளோரின் கலந்த ரப்பர். டூபாண்ட் நிறுவனம் வைட்டான் என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கியதும் 1957-ல்தான். பெட்ரோல், எத்தனால், சூடு மூன்றையும் தாங்கும். குளிர்தான் இதன் பகை. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் 73 விநாடிகளில் சிதறியதற்கு, குளிரில் இறுகிப்போன இந்த இன ரப்பர் வளையமே காரணமாயிற்று. கார் ஹோஸில் உள்பக்கம் மெல்லிய அடுக்காக மட்டும் இதைக் கொடுத்து, வெளியே வேறு ரப்பரால் மூடுகிறார்கள்.

ஆகவே ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சடித்திருக்கும் எழுத்தைப் படிக்க வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்றிருந்தால் அது கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கானது. ஆர்9 என்றிருந்தால் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கானது. கார்புரேட்டருக்குக் கால் பார் அளவு அழுத்தமே போதும். சாதாரண இன்ஜெக்‌ஷனில் சுமார் 3 பார். வித்தியாசம் பத்து மடங்குக்கு மேல். கார்புரேட்டர் வண்டிக்கே ஆனாலும் ஆர்9 போடுவதுதான் புத்திசாலித்தனம். எழுத்தே இல்லாத ஹோஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

எவர்சில்வர் வலை போர்த்திய ஹோஸ் பந்தயக் கார் அழகைத் தரும். ஆனால் உள்ளே இருப்பது சாதா ரப்பர் என்றால், அது வெடிப்பதை அந்த வலையே மறைத்துவிடும். வலை உரசும் இடத்தில் இருக்கும் ஒயரையும் அலுமினியத்தையும் அது அரம்போல அறுக்கும். உள்ளே டெஃப்லான் இருந்தால் உத்தமம். அதிலும் கரி கலந்த டெஃப்லானாகப் பார்த்து வாங்க வேண்டும். ஓடும் பெட்ரோலால் சேரும் மின்னேற்றம் வெளியேற வழியில்லாவிட்டால் தீப்பொறியாகப் பாய்ந்து ஊசித்துளை போட்டுவிடும்.

நல்ல குழாய் வாங்கியும் ஏமாறுகிற இடம் இணைப்பு. உலோகக் குழாயை வட்டக் கட்டரால் வெட்டி, உள்விளிம்புப் பிசிறைச் சுரண்டி, முனையில் சிறு புடைப்பு எடுக்க வேண்டும். அந்தப் புடைப்பைத் தாண்டி ஹோஸைச் செருகி, அதற்குப் பின்னால் கிளிப்பை இறுக்கினால் அழுத்தத்தில் நழுவாது. துளையிட்ட பட்டைக் கிளிப் ரப்பருக்குள் இறங்கி வெட்டும். உள்பக்கம் வழவழப்பான, சுருண்ட விளிம்புள்ள இன்ஜெக்‌ஷன் கிளிப்தான் சரி. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். புகைக்குழாய்க்கும் சுழலும் தண்டுக்கும் எட்டாத வழியாகவே குழாய் போக வேண்டும்.

இந்தியாவில் 2023-ல் அறிமுகமான இ20 பெட்ரோல் இப்போது நாடெங்கும் பங்க்குகளில் கிடைக்கிறது. அதில் எத்தனால் 20 சதவீதம். பழைய புல்லட்டோ, கார்புரேட்டர் மாருதியோ வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் பெட்ரோல் ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.