மேகத்துக்கு ஒரு கால அட்டவணை

பிரிட்டனின் மின்கட்டமைப்பை நடத்தும் கட்டுப்பாட்டு அறை வோக்கிங்ஹாம் என்ற ஊரில் இருக்கிறது. நாடு முழுவதும் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அதே அளவு அந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். பிசகினால் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் ஆட்டம் காணும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் தலைவலிகளில் ஒன்று, கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகள். பெரிய மின்நிலையம் எவ்வளவு தருகிறது என்பது திரையில் தெரியும். லட்சக்கணக்கான வீட்டுக் கூரைகளின் கணக்கு தெரியாது. வெயில் அடித்தால் ஊரில் தேவையே குறைந்ததுபோல் இருக்கும். மேகம் மூடினால் தேவை திடீரென்று எகிறும். அவர்கள் கண்ணில் படுவது இவ்வளவுதான்.

அந்தத் திடீருக்குப் பயந்து, எரிவாயு நிலையங்கள் சிலவற்றைக் குறைந்த திறனில் ஓடவிட்டுத் தயாராக வைத்திருக்கிறார்கள். சவாரி வரலாம் என்று எஞ்சினை அணைக்காமல் ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோ மாதிரி. மேகம் எப்போது வரும் என்று நம்பும்படி சொல்ல ஆள் இருந்தால், சிலவற்றை அணைத்துவிடலாம்.

அதைச் சொல்லக் கணினியைப் பழக்கியவர்களில் ஒருவர் ஜாக் கெல்லி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வே வேடிக்கையானது. வீட்டுக்குள் வரும் மொத்த மின்சாரத்தை மட்டும் பார்த்து, எப்போது கெட்டில் போட்டார்கள், எப்போது வாஷிங் மெஷின் ஓடியது என்று பிரித்துச் சொல்லும் நிரல். அதற்குத் தரவு வேண்டுமே? தன் வீட்டுச் சாதனங்களுக்கே அளவிகள் மாட்டி, 6 நொடிக்கு ஒருமுறை பதிவு செய்தார். (வீட்டில் உடனிருந்தவர்கள் பொறுமைசாலிகளாகத்தான் இருக்க வேண்டும்.) பிறகு செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டில் வேலை. அதை விட்டுவிட்டு, டேன் டிராவர்ஸுடன் சேர்ந்து ஓப்பன் கிளைமேட் ஃபிக்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்.

வழக்கமான வானிலை மாதிரிகள் இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்த்து விடை சொல்பவை. நாளைக்கு மழை வருமா என்பதற்கு அவை போதும். ஆனால் சூப்பர் கணினியிலும் கணக்கு முடிய நேரமாகும். அதற்குள் வானம் மாறியிருக்கும். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு வேறு வழி வேண்டும். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் மீட்டியோசாட் செயற்கைக்கோள், ஐரோப்பிய வானத்தை 5 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்து அனுப்புகிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பார்த்து மேகத்தை அதே திசையில் நகர்த்திப் போட்டாலே ஓரளவு ஊகிக்கலாம். சிக்கல் என்னவென்றால், மேகம் நகர்வது மட்டுமில்லை. வழியில் பிறக்கிறது, கரைகிறது.

இங்கேதான் இயந்திரக் கற்றல் கைகொடுக்கிறது. பழைய செயற்கைக்கோள் படங்கள், அந்தந்த நேரத்தில் சூரியன் நின்ற உயரம், வானிலை மாதிரியின் கணிப்பு, ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் மதிப்பிட்டுத் தரும் சூரிய மின் உற்பத்தி, எல்லாவற்றையும் நரம்பு வலைப்பின்னலுக்குக் கொடுக்கிறார்கள். மேகம் என்றால் என்னவென்று யாரும் அதற்குச் சொல்லித்தருவதில்லை. ஊகிக்கிறது, தவறுகிறது, தவறிய அளவுக்குத் தன் உள்ளெண்களைத் திருத்திக்கொள்கிறது. கோடை மதியத்தில் எந்தத் திட்டு கரையும் என்பது அந்த எண்களுக்குள் எப்படியோ வந்து சேர்கிறது. எனக்கு இதில் வியப்பு அந்த ‘எப்படியோ’தான். ஓப்பன் கிளைமேட் ஃபிக்ஸின் இந்தக் கணிப்பு இப்போது பிரிட்டன் கட்டுப்பாட்டு அறையின் பயன்பாட்டில் இருக்கிறது; நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கும் கண் மங்கும் நேரங்கள் உண்டு. தரையில் பனி விழுந்தால், மேலிருந்து பார்க்க அதுவும் வெள்ளை, மேகமும் வெள்ளை. விடியற்காலை இன்னும் மோசம். காலை உற்பத்திக்குத் திட்டமிட வேண்டிய வேளையில் வெளிச்சமே இருக்காது. அகச்சிவப்புப் படத்தை நம்ப வேண்டும். அது வெப்ப வித்தியாசத்தை வைத்து மேகத்தைக் காட்டுவது. மூடுபனியும் அதன் கீழே கிடக்கும் வயலும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருந்தால், படத்தில் இரண்டும் ஒன்றுதான்.