டி.வி.யை மானிட்டர் ஆக்குகிறீர்களா? முதலில் ரிமோட்டை எடுங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் சிலர் சி.பி.யு.வை மட்டும் வாங்கிக்கொண்டு, மானிட்டருக்கான பணத்தை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். வீட்டில்தான் எல்.இ.டி. டி.வி. இருக்கிறதே! ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் போதும். விண்டோஸ் திரை பெரிதாக வந்து நிற்கும். ஒரு வாரத்துக்கு எல்லோருக்கும் சந்தோஷம். அதன்பின் புகார்கள் வரும். எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கிறது, டாஸ்க்பாரில் பாதி திரைக்குக் கீழே போய்விட்டது, முகங்கள் எல்லாம் செங்கல் நிறத்தில் தெரிகின்றன, அரை மணி நேரம் படித்தால் கண்ணில் நீர் வடிகிறது.

நான் சாப்ட்வேர் வேலையில் இருப்பதால் இந்தப் புகார்கள் அனைத்தும் என் போனுக்கு வந்து சேரும். "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் கார்டும் நன்றாகவே இருக்கும், டி.வி.யும் நன்றாகவே இருக்கும். அந்த டி.வி., தான் இன்னும் கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

கடைக்காகச் செய்த அலங்காரம்

ஷோரூமில் முப்பது டி.வி.கள் வரிசையாக ஓடுகின்றன. மேலே பளீரென்று விளக்குகள். அந்தக் கூட்டத்தில் நம் கண் எதில் போய் நிற்கும்? அதிக வெளிச்சமும் சற்று நீலம் கலந்த வெள்ளையும் உள்ளதில்தான். இது தயாரிப்பாளர்களுக்கு நன்றாகவே தெரியும். விலை குறைந்த டி.வி.களில் போட்டி இன்னும் அதிகம். எனவே வெளிச்சம், கலர், ஷார்ப்னஸ் மூன்றையும் தூக்கிவைத்த 'விவிட்', 'டைனமிக்' போன்ற மோடுகளை வைத்துத் தருகிறார்கள். முதன்முறை ஆன் செய்யும்போது பல டி.வி.கள் 'ஹோம்' அல்லது 'ஸ்டோர்' என்று கேட்கும். அங்கே 'ஸ்டோர்' தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், நீங்கள் எதை மாற்றினாலும் சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிடும். "நான் குறைத்தால் அதுவாகவே கூடிவிடுகிறது" என்று சொல்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கவும்.

அடுத்து, பிக்சர் மோடை 'சினிமா', 'மூவி' அல்லது 'பிலிம் மேக்கர்' என்பதற்கு மாற்றுங்கள். உடனே திரை மஞ்சளடித்தது போல் தெரியும். பயப்பட வேண்டாம். வீடியோவுக்கான தரப்படி வெள்ளை என்பது சுமார் 6500 கெல்வின். இதுவரை நீங்கள் பார்த்த நீல வெள்ளை அதைவிட மிக அதிகம். இரண்டு நாள் பார்த்தால் கண் பழகிவிடும். அதன் பிறகு பழைய மோடுக்குப் போனால்தான் அது நீலமாகத் தெரியும். இரண்டு நாளுக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கலர் டெம்பரேச்சரை 'வார்ம் 2'-லிருந்து 'வார்ம் 1'-க்கு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீடு, உங்கள் கண்.

பிரைட்னஸ் என்றால் வெளிச்சம் அல்ல

எனக்குத் தெரிந்து மிக அதிகமானோர் தடுமாறும் இடம் இது. பல டி.வி.களில் 'பிரைட்னஸ்' என்பது திரையின் வெளிச்சத்தை மாற்றுவதில்லை. கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. 'கான்ட்ராஸ்ட்' வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். பேனலுக்குப் பின்னால் எரியும் விளக்கைக் கூட்டிக் குறைப்பது 'பேக்லைட்'. கண் கூசினால் குறைக்க வேண்டியது பேக்லைட்டைத்தான். அதற்குப் பதிலாக பிரைட்னஸைக் குறைத்தால் இருட்டுக் காட்சியில் ஆளே தெரியாது, கண்கூச்சமும் போகாது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. சோனி டி.வி.களில் சில ஆண்டுகளாக 'பிரைட்னஸ்' என்பதே பேக்லைட்டைக் குறிக்கிறது. கறுப்புக்கு 'பிளாக் லெவல்' என்று தனியாக இருக்கிறது. வேறு சில பிராண்டுகளும் இப்படி மாற்றியிருக்கின்றன. பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க எளிய சோதனை: முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, முழு வெள்ளைப் படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நீங்கள் மாற்றும் ஆப்ஷன் இரண்டையும் ஒன்றாக மங்கச் செய்தால் அது பேக்லைட். கறுப்பில் மட்டும் அதிக வித்தியாசம் தெரிந்தால் அது பிளாக் லெவல்.

பெயிண்டில் ஒரு சோதனைப் படம்

கம்ப்யூட்டர் இணைத்திருப்பதில் ஒரு பெரிய வசதி, சோதனைப் படத்தை நாமே தயாரிக்கலாம். பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, கேன்வாஸ் அளவை 1920 x 1080 பிக்சல் என்று அமைத்திடவும். எடிட் கலர்ஸ் சென்று சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 0 என டைப் செய்து, பெயிண்ட் வாளி டூலால் முழுத் திரையையும் கறுப்பாக்கவும். இனி நான்கு கட்டங்கள் வரைய வேண்டும். முதல் கட்டத்துக்கு மூன்று நிறத்திலும் 8, இரண்டாவதற்கு 16, மூன்றாவதற்கு 24, நான்காவதற்கு 32. கட்டத்தை வரைந்து அதே நிறத்தை வாளியால் உள்ளே ஊற்றினால் போதும். இதை பி.என்.ஜி. பைலாக சேவ் செய்யவும். ஜேபெக்கில் சேவ் செய்தால் கட்டங்களின் ஓரம் கலங்கிவிடக்கூடும்.

இதேபோல் மூன்றிலும் 255 கொடுத்து வெள்ளைப் பின்னணி ஒன்று தயாரித்து, அதில் 247, 239, 231 என்று மூன்று கட்டங்கள் வரையவும்.

சோதிக்கும் முன் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்', 'நாய்ஸ் ரிடக்‌ஷன்', 'எனர்ஜி சேவிங்' எல்லாவற்றையும் ஆஃப் செய்திடுங்கள். இவை படத்துக்குப் படம் தாமாகவே எதையாவது மாற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் வழக்கமாக டி.வி. பார்க்கும் நேரத்து வெளிச்சமே அறையில் இருக்கட்டும். கறுப்புப் படத்தைத் திறந்து எஃப்11 அழுத்தினால் முழுத்திரையில் வரும். பிளாக் லெவலைக் குறைத்துக்கொண்டே வந்து, எட்டாம் எண் கட்டம் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னணி சாம்பல் பூத்தது போல் இருந்தால் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். பிறகு வெள்ளைப் படம். மூன்று கட்டங்களும் தனித்தனியாகத் தெரியும் வரை கான்ட்ராஸ்டைக் குறைக்கவும்.

எவ்வளவு முயன்றும் 8, 16 இரண்டும் கறுப்போடு கறுப்பாகக் கரைந்து, 24-லிருந்துதான் தெரிகிறதா? இது வேறு கோளாறு. கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரை அனுப்புகிறது; டி.வி.யோ வீடியோ வழக்கப்படி 16-ஐக் கறுப்பாகவும் 235-ஐ வெள்ளையாகவும் எடுத்துக்கொள்கிறது. டி.வி. மெனுவில் 'எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவல்' அல்லது 'வீடியோ ரேஞ்ச்' என்று இருக்கும். அதை மாற்றிப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் கிராபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனலில் 'புல்', 'லிமிடெட்' என்ற தேர்வு இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கட்சியில் இருக்க வேண்டும்.

பேக்லைட்டுக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். பெயிண்டின் வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்து, திரையும் தாளும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் தெரியும் வரை பேக்லைட்டைக் குறைக்கவும். கரண்ட் செலவும் குறையும்.

விருதுநகரில் நடந்தது

என் அத்தை மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். 43 இன்ச் டி.வி.யில் கம்ப்யூட்டரை இணைத்து, பழைய வினாத்தாள்களை அதில்தான் படிப்பாள். தினமும் தலைவலி. பார்க்க வந்த மெக்கானிக், "பேனல் போச்சு, மாத்தினா புது டி.வி. விலையில பாதி ஆகும்" என்று சொல்லிவிட்டார். சீட்டுப் பணத்தை எடுத்து எக்ஸ்சேஞ்சில் வேறு டி.வி. வாங்கிவிடலாம் என்று மாமா கிளம்பியே விட்டார். நல்லவேளையாக அதற்கு முன் போன் செய்தார்.

வீடியோ காலில் நாற்பது நிமிடம். பேக்லைட் 100-ல் இருந்தது; 35-க்கு வந்தது. ஷார்ப்னஸை ஏறக்குறைய முழுவதும் குறைத்தோம். எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டது போல் தெரிந்ததே, அது அந்த ஷார்ப்னஸ் செய்த வேலை. சிவப்பு எழுத்துகள் மட்டும் இன்னும் கலங்கித் தெரிந்தன. டி.வி.யில் அந்த எச்.டி.எம்.ஐ. இன்புட்டின் பெயரை 'பி.சி.' என்று மாற்றச் சொன்னேன். சாம்சங், எல்.ஜி. உட்பட பல டி.வி.களில் இந்தப் பெயரை வைத்துத்தான், வந்திருப்பது கம்ப்யூட்டர் என்று டி.வி. புரிந்துகொண்டு, நிற விவரங்களைச் சுருக்காமல் காட்டுகிறது. எழுத்து தெளிந்துவிட்டது. "என்னப்பா, வேட்டியெல்லாம் மஞ்சளா தெரியுது" என்று மாமா மட்டும் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டுப் பணம் சீட்டிலேயே இருக்கிறது. தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறாள் அவள். ஆனாலும் கண்ணை ஒருமுறை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். ரிமோட்டால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாதே!

மீதி சில்லறை வேலைகள்

டாஸ்க்பார் வெளியே போவது 'ஓவர்ஸ்கேன்' எனப்படும். பிக்சர் டியூப் டி.வி. காலத்தில் படத்தின் ஓரங்களை மறைக்கச் செய்த பெரிதாக்கல் இன்றும் தொடர்கிறது. ஆஸ்பெக்ட் ரேஷியோ பகுதியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் பிட்', 'புல் பிக்சல்' என்று எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கவும். ஷார்ப்னஸைத் தொடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். படம் பெரிதாக்கப்பட்டிருக்கும்போது எழுத்து எப்படியும் மங்கலாகத்தான் தெரியும்.

மவுஸ் அசைத்த பின் சற்றுத் தாமதமாகவே பாயிண்டர் நகர்ந்தால் 'கேம் மோட்'. சினிமா, சீரியல் போல வழவழவென்று ஓடினால் 'மோஷன் ஸ்மூத்திங்', சில டி.வி.களில் 'எம்.இ.எம்.சி.' என்று இருக்கும். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு நடுவில் டி.வி. தானாகவே பிரேம்களைத் தயாரித்துச் செருகும் வேலை இது. 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் இதை ஆஃப் செய்யச் சொல்லி வீடியோவே வெளியிட்டார். நானும் அவர் கட்சிதான். கிரிக்கெட்டுக்கு மட்டும் வேண்டுமானால் ஆன் செய்துகொள்ளலாம்.

பெட்டியில் எச்.டி.ஆர். என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து விண்டோஸிலும் அதை ஆன் செய்துவிடாதீர்கள். மலிவு விலை டி.வி.கள் எச்.டி.ஆர். சிக்னலை ஏற்றுக்கொள்ளுமே தவிர, அதற்கு வேண்டிய வெளிச்சம் அவற்றில் இருக்காது. டெஸ்க்டாப் வெளிறிப்போவதுதான் மிச்சம்.

மாற்றிய மதிப்புகளை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும். பல டி.வி.களில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் செட்டிங்ஸ் தனித்தனி. எச்.டி.எம்.ஐ. 1-ல் செய்தது செட்டாப் பாக்ஸ் உள்ள எச்.டி.எம்.ஐ. 2-க்கு வராது. வேறொருவரின் டி.வி. எண்களை அப்படியே போட்டாலும் அது உங்கள் டி.வி.க்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஒரே மாடலிலேயே வேறு வேறு பேனல்கள் வருவதுண்டு.

இவ்வளவு செய்தும் எழுத்து தெளியவில்லை என்றால் டி.வி.யின் ரெசல்யூஷனைப் பாருங்கள். 'எச்.டி. ரெடி' என்று விற்கப்படும் 32 இன்ச் டி.வி.களில் பேனல் 1366 x 768 பிக்சல்தான். 1080 சிக்னலை வாங்கிக்கொண்டு, அதைச் சுருக்கிக் காட்டும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1366 x 768 அல்லது 1360 x 768 இருந்தால் தேர்ந்தெடுக்கவும், ஓரளவு தெளியும். அதற்கு மேல் எந்த மெனுவிலும் வழி இல்லை. ஆறடி தள்ளி உட்கார்ந்து படம் பார்க்க அந்த டி.வி. தாராளமாகப் போதும். நாள் முழுவதும் எழுத்து வேலை என்றால், மிச்சம் பிடித்த பணத்தில் 22 இன்ச் புல் எச்.டி. மானிட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.